நடக்க மட்டும் பாதை

சத்தம் நின்றுபோனதில்தான் முப்பிடாதிக்கு விழிப்புத் தட்டியது. கட்டிலுக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருந்த இன்வெர்ட்டர் இத்தனை வருஷமாக இரவும் பகலும் வண்டு துளைப்பதுபோல ரீங்காரம் போட்டுக்கொண்டே இருந்தது. வாங்கிய புதிதில் அதனால் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறாள். பின்னால் அது இருந்தால்தான் தூக்கம் என்று ஆகிவிட்டது. இப்போது தகரக் கூரையில் சாரல் விழும் ஓசையும், வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் புதுத்தண்ணீர் போகும் ஓசையும் மட்டும் கேட்டன. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. விளக்கு சுவிட்சைத் தட்டினாள். எரியவில்லை. தடவிக்கொண்டே பக்கத்து அறைக்கு ஓடினாள்.

முட்டை பொரிக்கும் பெட்டி இருண்டு கிடந்தது. கதவைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தாள். சூட்டைச் சோதிக்கக் கையை நம்பக்கூடாது, இமைதான் பொய் சொல்லாது. பானைத் தண்ணீரிலிருந்து எடுத்ததுபோல முட்டை குளிர்ந்திருந்தது. அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டு, அகப்பட்ட பாட்டிலில் எல்லாம் ஊற்றி, முட்டைத் தட்டுகளுக்கு இடையே செருகி, கம்பளியை எடுத்துப் பெட்டியின் மேல் போர்த்தினாள். தண்ணீர் ஆற ஆற மாற்றினாள். நன்றாக விடிந்த பிறகு மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு முட்டையை உடைத்தாள். உள்ளே குஞ்சு முழுசாக வளர்ந்திருந்தது. ஈர மயிர் உடம்போடு ஒட்ட, அலகைச் சிறகுக்குள் சொருகிக்கொண்டு, இன்றைக்கோ நாளைக்கோ வெளியே வரப்போகிற தோரணையிலேயே சுருண்டு கிடந்தது. தொட்டால் அசையவில்லை. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதை உடைக்கக் கை எழவில்லை.

பெட்டியில் இருந்ததில் பாதிதான் அவளுடைய முட்டை. மீதி, இலஞ்சியிலும் வல்லத்திலும் கோழி வளர்க்கும் பெண்கள் நம்பிக் கொடுத்தது. பென்சிலால் ஒவ்வொன்றிலும் அவரவர் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைத்திருந்தாள். இவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் போய் நின்று, முட்டை போயிற்று என்று சொல்ல வேண்டும். சொன்னதும் அவர்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி என்னவென்றும் அவளுக்குத் தெரியும். ஒரு கரண்டு லைன் இழுக்கக் கூடாதா?

இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், சுடலைமணியின் தென்னந்தோப்புக்குள் புகுந்து நடந்தால், தோப்பு முடிகிற இடத்தில், வாய்க்காலை ஒட்டி முப்பிடாதியின் இடம். இரண்டும் சேர்ந்து ஒரு காலத்தில் அப்பாவின் ஒரே பூமி. சுடலைமணி அவளுடைய ஒரே அண்ணன். கல்யாணம் கூடிவராமல் வயது ஏறிப்போன முப்பிடாதி, தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துப் போட்டாள்; சாயங்காலம் வந்து, படுக்கையோடு கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். அப்பாவின் கருமாதி முடிந்து, போட்ட இலைகூட எடுத்தாகவில்லை, "அண்ணே, எனக்குள்ள பங்கைப் பிரிச்சுத் தந்துருங்க" என்று அவள் கேட்டபோது பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். சுடலைமணி சிரித்தார். "தங்கச்சிக்குச் சோறு போட எனக்குத் தெம்பு இல்லன்னு நெனைச்சிட்டியாட்டி?" என்றார். "சோறு நானே பொங்கிக்கிடுதேன். நெலத்தைத் தாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வாரிசுச் சான்றிதழ், வக்கீல் நோட்டீஸ், சொந்தக்காரர்களின் சாபம் எல்லாம் நடந்து, கடைசியில் யாருக்கும் உதவாது என்று அண்ணன் நினைத்த பின்கோடி அவள் பங்குக்கு வந்தது. பத்திரத்தில் தோப்பு வழியே 'நடந்து போகவர' பாதை உரிமை எழுதினார்கள். வேறு எதற்கும் எழுதவில்லை. மின்கம்பம் நட வேண்டுமென்றால் தோப்புக்குள்தான் நட வேண்டும். அதற்கு நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். "நடக்கத்தான் பாதை. கம்பி போக இல்லை. இருட்டுல எத்தனை நாளு கெடப்பான்னு பாப்போம்" என்று சுடலைமணி டீக்கடையில் சொன்னது அன்றைக்கே அவள் காதுக்கு வந்தது. ஜவுளிக்கடை வேலையை விட்டபோது கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில், கூரைமேல் நாலு சோலார் பேனலும், கட்டிலுக்கு அடியில் இரண்டு பேட்டரியும், சுவரில் அந்த இன்வெர்ட்டரும் அந்த மாதமே வந்துவிட்டன. முதலில் விளக்கு, பிறகு ஒரு மின்விசிறி, பிறகு முட்டைப் பெட்டி. அண்ணன் எத்தனை நாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் குஞ்சு பொரித்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானத்துக்குள் விஷயம் தோப்பைத் தாண்டிப் போய்விட்டது. சுடலைமணி குடையோடு வந்தார். பின்னால் மதினி சந்தனமாரி, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு. பங்கு பிரித்த நாளிலிருந்து மதினி இவளோடு பேசுவதில்லை. பேசக்கூடாது என்று உத்தரவு. இன்றைக்கும் இறவாரத்துக்கு வெளியிலேயே நின்று, சட்டியில் கிடந்த உடைந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் போச்சாமே" என்றார் சுடலைமணி. குரலில் கேலி இல்லை. அதுதான் முப்பிடாதிக்கு எச்சரிக்கையாக இருந்தது.

"போச்சு."

"பேட்டரி எல்லாம் மனுச உடம்பு மாதிரிட்டி. வயசானா அதுவும் போயிரும். நீ தனியாக் கெடந்து ஏன் இந்தப் பாடு படுத? நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாமக் கேளு. மதுரைக்காரங்க ரெண்டு பேரு வந்து இடத்தைப் பாத்துட்டுப் போயிருக்காங்க. சீசனுக்கு வாரவங்க தங்குத மாதிரி காட்டேஜ் கட்டப் போறாங்களாம். அவங்களுக்கு வாய்க்கால் கரை வரைக்கும் வேணும். ஒன் பங்கை விட்டுக்குடுத்து நீ ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா, ரோட்டு ஓரத்துல ஒனக்கு ஒரு வீடு கட்டித் தாரேன். கரண்டு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாம் வச்சு. பெட்டியை அங்கன கொண்டு வச்சுக்கோ."

"வீடு யாரு பேர்ல அண்ணே?"

"என் பேர்லதான். நீ இருக்கிற வரைக்கும் இருந்துக்கோ. யாரு கேக்கப் போறா?"

முப்பிடாதி வெளியே பார்த்தாள். மலைப்பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. மேகம் இறங்கித் தோப்புக்குள்ளேயே வந்துவிட்டது. போய் இருந்துவிடலாம். வெளிச்சமான ஒரு வீடு, சுவிட்சைத் தட்டினால் எரியும் விளக்கு. மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்துப் பார்த்துச் சாக வேண்டாம். ஒரு நொடி அந்த வீட்டுக்குள் போய் நின்றுகூடப் பார்த்துவிட்டாள். ஜவுளிக்கடையில் முதலாளி வரும்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார்களே, அந்த வீட்டில் அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

"சாரல் வலுக்கு அண்ணே" என்றாள். "நனையாம வீட்டுக்குப் போங்க. மதினியும் நனையுதாவ."

மறுநாள் தென்காசிக்குப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சோலார் கடையில் ஏசி ஓடியது. மேஜைக்குப் பின்னால் இருந்தவன் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "சர்வீஸ் நம்பர் சொல்லுங்கக்கா" என்றான்.

"எது?"

"ஈபி சர்வீஸ் நம்பர். அதைப் போட்டாத்தான் மானியத்துக்குப் பதியமுடியும்."

"எனக்கு ஈபியே இல்லையே."

அவன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "ஈபி இல்லாம சோலார் எதுக்குக்கா?"

"ஈபி இல்லாததுக்குத்தான் தம்பி சோலார்."

அது அவனுக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் எல்லாரும் பகலில் கூரையில் கரண்டு எடுத்து மின்வாரியத்துக்கே அனுப்பி, ராத்திரி வாரியத்திலிருந்து வாங்கிக்கொள்கிறார்கள்; பேட்டரியே வேண்டாம், அதுதான் லாபம் என்று நல்ல மனசோடுதான் விளக்கினான். முதலில் ஒரு இணைப்பு வாங்கிவிட்டு வரச் சொன்னான். அடுத்த கடைக்காரர் பழசை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மொத்தமாகப் புதுசு போடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கட்டுப்படியாகாத தொகை; அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு முப்பிடாதி பஸ் ஏறினாள். வழக்கமாகக் குஞ்சு வாங்கும் கடையநல்லூர்க்காரப் பெண் ஒருத்தியிடம் போனில் இந்தக் கதையைச் சொல்லிப் புலம்பியபோதுதான், "எங்க தெருவுல ஆசிக்னு ஒரு பையன் இருக்கான். துபாய்ப் பக்கம் பாலைவனத்துல இதே வேலைதான் பாத்துட்டு வந்திருக்கான். கூப்பிட்டுப் பாருங்களேன்" என்று அவள் நம்பர் கொடுத்தாள்.

முகம்மது ஆசிக் பையன் இல்லை, முப்பத்தைந்து வயது இருக்கும். தோப்பு முழுக்க நடந்து வந்ததில் கரண்டை வரைக்கும் சேறாக வந்து நின்றான். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, பேட்டரியின் மூடியைத் திருகிப் பார்த்தான். "அக்கா, இது பேட்டரி இல்ல, வெறுந்தொட்டி. தகடெல்லாம் வீங்கிப்போச்சு. இவ்வளவு நாள் ஓடுனதே பெரிசு" என்றான். ஏணி வைத்துக் கூரையேறி, மீட்டரோடு வெகுநேரம் இருந்தான். மேலேயிருந்தே பேசினான்.

"பேனலு நல்லாத்தான் இருக்கு. ஒண்ணுலதான் தண்ணி எறங்கியிருக்கு, மத்த மூணும் உசிரோட இருக்கு. ஆனா அக்கா, இதைப் போட்டப்ப அந்தத் தென்னையெல்லாம் எவ்வளவு உசரம் இருந்திச்சு?"

"என் தலைக்கு மேல கொஞ்சம் இருக்கும்."

"இப்பம் பாருங்க. காலையில அந்த ஓலை நிழலு, மத்தியானத்துக்கு மேல இந்த ஓலை நிழலு. பேனல்ல கை அகலத்துக்கு நிழல் விழுந்தாலும் மொத்தமும் தூங்கிரும். பாதிப் பட்டினி போட்டுத்தான் பேட்டரியைக் கொன்னுருக்கு. நீங்க இங்கனயே புது பேட்டரி வாங்கி வச்சா அதுவும் இதே கதிதான்."

அவளுடைய இடம் முழுவதையும் சுற்றிவந்தான். வாய்க்கால் கரையில் பெரிய மருதமரம். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் அண்ணன் தென்னைகள் சாய்ந்து நின்றன. வானம் திறந்து கிடந்தது ஒரே இடத்தில்தான்: தெற்கு எல்லையில், சுடலைமணியின் வீட்டுப் பின்கட்டை ஒட்டி. அங்கே அவருடைய நெல் காயப்போடும் களம் இருந்ததால் மரம் எதுவும் இல்லை. ஆசிக் அந்த இடத்தில் நின்று தலையை அண்ணாந்தான். பிறகு களத்துக்கு அப்பால் தெரிந்த அடுப்படி ஜன்னலையும் பார்த்தான்.

"இங்கன நாலு இரும்புத் தூண் ஊனி, ஆளு உசரத்துக்கு மேல ரெண்டு பெரிய பேனல் போட்டா, சாரல்லகூட கொஞ்சம் கொஞ்சம் வந்துகிட்டே இருக்கும். அடியில கோழி மேயலாம். பேட்டரிக்குக் கரண்டை அளந்து விட புது கன்ட்ரோலர் ஒண்ணு. பேட்டரி லித்தியம், கைப்பெட்டி அளவுதான் இருக்கும், தண்ணி ஊத்துத வேலையே இல்ல. இன்வெர்ட்டரையும் மாத்திருவோம், அந்தப் பழசு பெட்டியில இருக்க ஃபேனைச் சூடாக்குது. பழைய மூணு பேனலையும் எறக்கிக் கோழிக் கூண்டு மேல போட்டுத் தனி கன்ட்ரோலர்ல விட்டுருவேன். புதுசோட சேர்த்து ஒரே வரிசையில கோக்கக் கூடாது, ஒண்ணையொண்ணு இழுத்துரும். தனித்தனியா வந்து பேட்டரியில சேரட்டும்." சற்று நிறுத்தி, "யாரு வீடுக்கா அது?" என்றான்.

"எங்க அண்ணன் வீடு."

"பேசாம அவங்ககிட்டச் சொல்லி ஒரு லைனு..."

முப்பிடாதி அவனையே பார்த்தாள். அவன் பேச்சை அதோடு விட்டுவிட்டு, பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான்.

அப்பா வாங்கிப் போட்ட இரட்டைவடச் சங்கிலியை விற்றாள். கடையைவிட்டு இறங்கியபோது கழுத்து லேசாக இருந்தது.

தூண் நடுகிற அன்றைக்குக் காலையிலிருந்தே சாரல் விட்டு விட்டு அடித்தது. ஆசிக் முதல் குழியைத் தோண்டி முடித்து இரண்டாவதற்குக் கடப்பாரையைப் போட்டபோது சுடலைமணி களத்தைக் கடந்து வந்தார். கூடவே, சித்தப்பா முறையாகிற வல்லிநாயகமும் வந்தார். ஊரில் எந்தத் தகராறிலும் அவர் ஒரு பக்கத்தில் நிற்பார். அது பெரும்பாலும் தோப்பு இருக்கிற பக்கமாக இருக்கும்.

"நிப்பாட்டு" என்றார் சுடலைமணி. "யாருப்பா நீ? எந்த ஊரு?"

"கடையநல்லூர் அண்ணாச்சி."

"ஊரு விட்டு ஊரு வந்து எங்க குடும்பத்துக்குள்ள குழி தோண்டுதியே, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? கடப்பாரையைக் கீழ போட்டுட்டு மரியாதையா வண்டியை எடு."

ஆசிக் கடப்பாரையை மெதுவாகக் கோழிக்கூண்டில் சாய்த்து வைத்தான். "நீங்க பேசி முடிங்கக்கா. எனக்கு வம்பு வேண்டாம். நான் பொறவு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் பாதை வழியே நடந்தான். முப்பிடாதிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் பயந்தது நியாயம். இந்த இடத்தில் பயப்படாமல் நிற்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடப்பாரையை எடுத்தாள். கனமாக இருந்தது. இரண்டு கையாலும் தூக்கி, அவன் விட்ட இடத்திலேயே போட்டாள். மண் ஈரத்தில் பொதபொதவென்று இடம் கொடுத்தது.

அவள் நிறுத்துவாள் என்று எதிர்பார்த்து இருவரும் சற்று நேரம் நின்றார்கள். அவள் நிறுத்தவில்லை.

"ஏட்டி, இது யாரு எடம்னு அளந்தா பாத்த?"

"எல்லைக்கல்லு அந்தா நிக்கி. நீங்க ஊன வச்ச கல்லுதான். அதுலருந்து தள்ளி உள்ளதான் தோண்டுதேன்."

"எங்க அடுப்படிக்கு நேரா கண்ணாடியைக் கொண்டாந்து நட்டுனா கண்ணு கூசாதா?"

"அது வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கும் அண்ணே. ஒங்க அடுப்படியைப் பாக்க அதுக்கு நேரம் கெடையாது."

வல்லிநாயகம் தொண்டையைச் செருமினார். "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வீம்பு ஆகாதும்மா. கூடப்பொறந்தவன் எறங்கி வந்து வீடு கட்டித் தாரேன்னு சொல்லுதான். அப்பன் இருந்தா என்ன பாடுபடுவான்?"

முப்பிடாதி கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். மூச்சு வாங்கியது. "சித்தப்பா, அப்பா படுத்த படுக்கையாக் கெடந்தப்போ பீயும் மூத்திரமும் அள்ளுனது நான். அன்னைக்கு நீங்க பாக்க வந்தீய, காப்பி குடிச்சிட்டுப் போனீய. பொம்பளைப் பிள்ளைக்கு இது ஆகாதுன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

வல்லிநாயகம் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுடலைமணிக்கு முகம் கறுத்துவிட்டது. விறுவிறுவென்று வந்தவர், ஆசிக் தோண்டி வைத்திருந்த முதல் குழியின் விளிம்பில் குவிந்திருந்த மண்ணைக் காலால் உள்ளே தள்ளினார். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. முப்பிடாதி யோசிக்கவில்லை. கடப்பாரையைப் போட்டுவிட்டு வந்து அந்தக் குழிக்குள் இறங்கி நின்றாள். மூன்றாவது தள்ளில் வந்த மண் அவள் பாதத்தின்மேல் விழுந்தது.

"தள்ளுங்க" என்றாள். "முழங்கால் வரைக்கும் மூடுங்க. தூணுக்குப் பதிலா நானே இங்கன நிக்கேன். வாரவங்க போறவங்க பாத்துட்டுப் போகட்டும்."

சுடலைமணியின் கால் அப்படியே நின்றது. பக்கத்தில் நின்று பார்க்கும்போது அண்ணனுக்கு எவ்வளவு நரைத்துவிட்டது என்று முப்பிடாதி கண்டாள். அவளுக்கும் இருக்கும். களத்துக்கு அப்பால் அடுப்படி ஜன்னலில் மதினி நிற்பது தெரிந்தது. கையில் எடுத்த கரண்டி எடுத்தபடியே இருந்தது.

"என்னமும் பண்ணித் தொலை" என்றார் கடைசியில். "நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணிக்கு எங்க வாசல்ல வந்து நிக்கக்கூடாது."

"நின்னது கெடையாது அண்ணே."

அவர்கள் போன பிறகும் அவளால் குழியைவிட்டு ஏற முடியவில்லை. முகத்தில் வழிந்த சாரலைத் துடைக்கக் கை வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆசிக் ரோட்டோரம் வண்டிப் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். கிளம்பிப் போக மனசு வரவில்லை போலிருக்கிறது. குழியின் ஓரத்தில் வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டான்.

"ஏறி வாங்கக்கா. தூணை நேரா நிறுத்தணும். நீங்க கொஞ்சம் கோணலா நிக்கீய."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

பொழுது சாய்வதற்குள் நாலு தூணும் நின்றன. காங்கிரீட் இறுகி, பேனல்களை ஏற்றிப் பூட்டிய நாளில் தோப்பைத் தாண்டி ரோட்டில் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள். சுடலைமணி மனுக் கொடுத்து நில அளவையர் வந்தார், அளந்தார், உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, முப்பிடாதி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு களத்தின் ஓரத்தில், கண் கூசுகிறது என்று சொல்லி, அண்ணன் ஒரு பச்சை வலையைக் கட்டினார். காற்றில் அது ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. திரும்பக் கட்ட ஒருவரும் வரவில்லை.

புது இன்வெர்ட்டருக்குச் சத்தமே இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது. படுத்தால் காது கூர்ந்துகொள்ளும். ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று எழுந்து எழுந்து போய்ப் பெட்டிக்குள் பல்பு எரிவதைப் பார்த்துவிட்டு வருவாள். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று போனிலேயே பார்க்க ஆசிக் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். முட்டை கேட்டு மறுபடியும் வீடுவீடாகப் போனபோது இலஞ்சியில் ஒருத்தி, "போன தடவை பட்டது போதும் தாயி" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் கொடுத்தார்கள், பாதி மனசோடு.

முட்டை வைத்த பிறகு, ஆடிச்சாரல் இடைவெளியே இல்லாமல் இறங்கியது. ஐந்தருவியில் குளிக்கத் தடை என்று பேசிக்கொண்டார்கள். மலையும் தெரியவில்லை, மருதமரமும் தெரியவில்லை. போனில் இருந்த எண் நாளுக்கு நாள் இறங்கி, பாதிக்குக் கீழே போய், இன்னும் கீழே போனது. முப்பிடாதி விசிறியை நிறுத்தினாள். விளக்கை நிறுத்தினாள். போனுக்குச் சார்ஜ் போடுவதைக்கூட டீக்கடையில் வைத்துக்கொண்டாள். பேனலுக்கு அடியில் போய் நின்று மேலே பார்ப்பாள்; சாம்பல் நிற வானம், அதற்குள் எங்கேயோ சூரியன். அந்தச் சாம்பல் வெளிச்சத்திலும் கன்ட்ரோலரில் சிறு எண் ஓடிக்கொண்டிருந்தது. சில நேரம் ஒரு பல்பு எரியும் அளவுக்குத்தான். ஆனால் பகலில் அது ஒரு தடவைகூடப் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. "வா, வந்துகிட்டே இரு" என்று வாய்விட்டுச் சொல்வாள், கன்றுக்குட்டியைப் பிடித்து வருகிற மாதிரி. பெட்டிச் சூடு இறங்கவில்லை. வானம் விலகி அரைகுறையாக வெயில் எட்டிப்பார்த்த ஒரு மத்தியானம், எண் மடமடவென்று ஏறியது. அன்றைக்கு அவள் விசிறியைப் போட்டுக்கொண்டு, போர்வையையும் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

குஞ்சுகள் பொரித்தன. எல்லாம் இல்லை, பொரிக்க வேண்டிய அளவுக்குப் பொரித்தன. மாட்டேன் என்று சொன்ன இலஞ்சிக்காரி தானே ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு தோப்பு வழியே வந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். மறுபடியும் தூற ஆரம்பித்திருந்தது. முப்பிடாதி புதுப் பேனல்களுக்கு அடியில் உட்கார்ந்து, கோழிகளுக்குக் குருணை போட்டுக்கொண்டிருந்தாள். அவிழ்ந்து தொங்கிய பச்சை வலையை விலக்கிக்கொண்டு சந்தனமாரி வந்தாள். மழையிலேயே, பேனலின் விளிம்புக்கு வெளியே நின்றாள்.

"முப்பிடாதி."

மதினி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று முப்பிடாதிக்கு நினைவில்லை. எழுந்துவிட்டாள். "உள்ள வாங்க மதினி. நனையுதீய."

"ஒங்க அண்ணன் தூங்குதாவ. ஒரு விசயம் கேக்கணும்."

பத்திரம் பற்றித்தான் இருக்கும் என்று முப்பிடாதி நினைத்தாள். தான் கேட்டு நடக்காததால் அண்ணன் மதினியை அனுப்பியிருக்கிறார். கையிலிருந்த குருணையைக் கீழே உதறிவிட்டு, மறுப்புச் சொல்லத் தயாராக நின்றாள்.

"சிவகிரியில எங்க அப்பா போயி வருசம் திரும்பப் போவுது" என்றாள் சந்தனமாரி. குரல் மழையில் பாதிதான் கேட்டது. "தம்பிமாரு ரெண்டு பேரும் நெலத்தை அவனுவ பேருக்கு மாத்துதானுவளாம். என்கிட்ட ஒரு கையெழுத்து வேணும்னு தெனமும் போன் பண்ணுதானுவ."

"அண்ணன் என்ன சொல்லுதாவ?"

"போட்டுக் குடுத்துருன்னு சொல்லுதாவ. சொந்தத் தங்கச்சிக்கு இம்புட்டுப் பண்ணிட்டு, மச்சினன்மாருட்டப் போய் எந்த மூஞ்சியோட பங்கு கேக்கன்னு அவியளுக்கு வெக்கம்." சொல்லிவிட்டு, முகத்தில் ஒட்டிய நரைமுடியை ஒதுக்கினாள். "அவியளுக்காக நான் கேக்கல. எனக்கு வேணும். எங்க அப்பா சாவுறதுக்கு முன்னால அந்தக் கெணத்தடி வயல்ல நாத்து நட்டவ நான்தான்."

முப்பிடாதி மதினியை நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் கரண்டியோடு நின்ற முகம் இதுதான். அன்றைக்கு அந்த முகத்தில் இருந்ததை அவள் பரிதாபம் என்று நினைத்திருந்தாள்.

"நீ மொதல்ல எங்க போன?" என்று கேட்டாள் சந்தனமாரி. "யாரைப் பாத்த? என்ன சொல்லிக் கேட்ட?"

"கையெழுத்துப் போடாதீய மதினி. அது மொதல்ல. மத்ததை ஒண்ணொண்ணாச் சொல்லுதேன்."

களத்துக்கு அப்பால் வீட்டுக்குள்ளிருந்து சுடலைமணியின் குரல், தூக்கக் கலக்கத்தோடு, "ஏட்டி சந்தனம்" என்று வந்தது. பதில் இல்லை என்றதும் இன்னும் உரக்க வந்தது. சந்தனமாரி திரும்பிப் பார்க்கவில்லை. பேனல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரிசையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. முந்தானையை ஒரு கையால் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, குனிந்து, அந்தத் தண்ணீரைக் கடந்து அவள் உள்ளே வந்தாள். கோழிகள் முனகிக்கொண்டே நகர்ந்து அவளுக்கு இடம் விட்டன.